பதறாத கையே முதல் மருந்து

(தூத்துக்குடியில் பொதுமக்களும் மீனவர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாம்புக்கு உயிராபத்து வந்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மாடு, ஆடு, நாய் என்றால் இப்படி ஒரு கூட்டம் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாம்புக்கு வைத்தியமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் நம் ஊரில் பாம்பு மனிதர் கைக்கு வந்து சேர மூன்று வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பாம்பை வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்பளத்து வரப்பிலும் தேரிக்காட்டிலும் வீட்டு முற்றத்திலும் நம் மண்ணின் பாம்புகள் அடிபட்டுக் கிடக்கின்றன. விசைப்படகின் வலைமடியில் மீனோடு மீனாகக் கடல்பாம்புகள் ஏறி வருகின்றன. மூன்று இடத்திலும் பாம்பின் உயிர் சில நிமிடங்களாவது நம் கையில் இருக்கிறது. அந்தச் சில நிமிடங்களில், பல நேரம், நோய் கொல்லும் முன்பே நம் பதற்றம் அதைக் கொன்றுவிடுகிறது. இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்து வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. இருதலை மணியன் என்று பெயர் சூட்டி, வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று கதை கட்டி, அப்பாவியான மண்ணுளிப் பாம்பை லட்சக்கணக்கில் விலை பேசும் கும்பல்கள் தென்மாவட்டங்களில் அவ்வப்போது பிடிபடுகின்றன. அதை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். அடிபட்ட நாட்டுப் பாம்பைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதை எடுத்து வந்து வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பது இரக்கத்தால் செய்தாலும் குற்றம்தான். விஷப் பாம்பாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

வெளிநாட்டுப் பாம்புகளின் கதை வேறு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பந்து மலைப்பாம்பையும் அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக்கையும் நம் நகரங்களில் வளர்க்கிறார்கள். 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும், குட்டி போட்டாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. பந்து மலைப்பாம்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கடத்தல் ஓயவில்லை. 2023 ஜூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. அப்படி அடைபட்டுப் பயணம் செய்யும் பாம்பு தண்ணீரின்றி வாடி, உண்ணி ஒட்டி, சளி பிடித்துத்தான் விற்பனைக்கு வருகிறது. வாங்கியவர் காசு கொடுத்து ஒரு நோயாளியை வாங்குகிறார். பிறகு அது வாயைப் பிளந்து மூச்சு விடும்போது, காகிதம் இல்லையே என்ற பயத்தில் மருத்துவரிடம் போகாமல் மறைக்கிறார். வாங்கும்போதே சட்டத்தோடு வாங்கியவர்தான் ஆபத்து நேரத்தில் தயங்காமல் மருத்துவமனைப் படி ஏற முடியும்.

இனி பாம்பின் உடம்புக்கு வருவோம். உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால், என்ன செய்யக் கூடாது என்பது தானே விளங்கிவிடும்.

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, சுற்றுப்புறத்திலிருந்து பெறுகிறது. செரிமானமும் நோயை எதிர்க்கும் சக்தியும் மருந்து வேலை செய்வதும் அந்தச் சூட்டைப் பொறுத்தவை. பந்து மலைப்பாம்பின் தொட்டியில் ஒரு பக்கம் சுமார் 32 டிகிரி செல்சியஸும், மறு பக்கம் சுமார் 26 டிகிரியும் இருந்தால், அது தனக்கு வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். நகர இடமில்லாமல் ஒரே சூட்டில் அடைத்து வைத்தால் அங்கேதான் பாதி நோய் பிறக்கிறது.

அடுத்தது மூச்சு. பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல் ஒன்றே பயன்படுகிறது. மலைப்பாம்புகளுக்கு இடதும் உண்டு, ஆனால் சிறியது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பாம்புக்குக் கிடையாது. அதனால் இருமிச் சளியை வெளியே தள்ள அதற்கு முடியாது. நுரையீரலுக்குள் இறங்கிய எதுவும் அங்கேயே தேங்கி அழுகத் தொடங்கும்.

மேசையில் வைத்து ஒரு பாம்பின் வாயை மெல்லத் திறந்து பார்த்தால், கீழ்த்தாடையின் நடுவில், நாக்கு வெளியே வரும் உறைக்குச் சற்று மேலே, ஒரு சிறு செங்குத்துப் பிளவு தெரியும். சிறிது நேரம் மூடியே இருக்கும். பிறகு விரிந்து காற்றை உள்ளே இழுத்து, மறுபடி மூடிக்கொள்ளும். மூச்சுக்குழலின் வாய் அதுதான். நமக்குத் தொண்டைக்கு அடியில் ஒளிந்திருப்பது, பாம்புக்கு வாயின் முன்பகுதியிலேயே திறந்து கிடக்கிறது. பெரிய இரையை விழுங்கும்போது அந்தக் குழலை ஒரு பக்கமாக முன்னே நீட்டி மூச்சு விட்டுக்கொள்ளும் வசதிக்காக இயற்கை அப்படி அமைத்திருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். சோர்ந்து கிடக்கும் பாம்பின் வாயைத் திறந்து ஒருவர் பாலாடையால் பாலை ஊற்றுகிறார். அது எங்கே போகும்? நேரே அந்தப் பிளவுக்குள் இறங்கும். இரும முடியாத உயிரின் நுரையீரலில் பால் தேங்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. புற்றுக்குப் பால் வார்ப்பது நம் வழிபாடு. அதைப் பற்றி நான் பேசவில்லை. பாம்பின் வாய்க்குள் பால் வார்க்காதீர்கள் என்று மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பாலைச் செரிக்கும் குடல் அதற்கு இல்லை. தண்ணீரும் அப்படித்தான்: கிண்ணத்தில் வையுங்கள், தானாகக் குடிக்கட்டும், வாயில் ஊற்றாதீர்கள்.

சரி, ஆபத்து வந்திருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பாம்பு கத்தாது, முனகாது. காட்டில் பலவீனத்தைக் காட்டிக்கொண்டால் இரையாகிவிடும் என்பதால் கடைசி வரை மறைக்கும். ஆகவே நமக்குத் தெரியும் அறிகுறி பெரும்பாலும் தாமதமாக வந்த அறிகுறி. அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டியவை: அதிக வெப்பத்தில் துவண்டு போவது, தண்ணீரில் மூழ்குவது, ரத்தம் ஒழுகும் காயம், நசுங்கல், சூட்டுப் புண்.

அன்றைய பொழுதுக்குள் மருத்துவரிடம் போக வேண்டியவை: வாயைத் திறந்து, தலையைத் தூக்கி வைத்து மூச்சு விடுவது, மூக்கிலும் வாயிலும் நுரை, மல்லாக்கப் போட்டால் தானே புரண்டு நிமிர முடியாமல் போவது, மலவாயிலிருந்து குடல் சிவப்பாக வெளியே தள்ளி நிற்பது, முட்டையிட முடியாமல் முக்குவது, ஈறில் சீழ் கட்டி வாய் மூடாமல் இருப்பது.

பொறுமையாகப் பார்க்கலாம் என்பவை: இரை எடுக்காமல் இருப்பதும், சட்டை சரியாக உரியாததும். நன்றாக இருக்கும் பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது உண்டு. எடை குறையாத வரை அதற்காக ஓட வேண்டியதில்லை. கண்ணின் மேல் பழைய தோல் ஒட்டியிருந்தால் நகத்தால் கிள்ளாதீர்கள். ஈரப்பதத்தைக் கூட்டினால் அடுத்த உரிப்பில் பெரும்பாலும் போய்விடும். தின்ற இரையைக் கக்கிவிட்டால், பாவம் பசிக்குமே என்று உடனே அடுத்த எலியைப் போடாதீர்கள். 10 முதல் 14 நாள் குடலுக்கு ஓய்வு வேண்டும். மறுபடி கக்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் ஊருக்கென்றே உள்ள ஆபத்து ஒன்று இருக்கிறது. பாம்பு வளர்ப்பைப் பற்றிய வெளிநாட்டுப் புத்தகங்கள் குளிரைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்கும். தூத்துக்குடியில் எதிரி வெயில். கத்திரி வெயில் காலத்தில், மாடியில் தகர ஷெட் போட்ட அறையில், கரண்ட் போய் மின்விசிறி நின்றால், கண்ணாடித் தொட்டியின் உள்ளே வெப்பம் வெளியே உள்ளதைத் தாண்டிவிடும். 38 டிகிரியைக் கடந்தால் பாம்புக்கு உயிர்ப்போராட்டம். முதலில் வெறி பிடித்தது போல் கண்ணாடியில் முட்டி அலையும், பிறகு வாயைப் பிளக்கும், பிறகு துவளும். அப்போது ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே போய்விடும். நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை உடம்பின் மேல் போடுங்கள். காற்று வரட்டும், சூடு படிப்படியாக இறங்கட்டும். தலை தண்ணீருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளிந்துவிட்டது போல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்; உள்ளுறுப்புக் கேடு பிறகுதான் தெரியவரும்.

சூட்டுப் புண்ணும் இப்படித்தான். தொட்டிக்குள் மறைப்பில்லாமல் தொங்கும் பல்பின் மேல் சுற்றிக்கொண்ட பாம்பு, தோல் வேகும் வரை அங்கேயே கிடக்கும். சட்டென்று விலகிக்கொள்ளாது. குளிர்ந்த தண்ணீரால் கழுவி, சுத்தமான ஈரத் துணியைச் சுற்றி, தொட்டியில் உள்ள மணலையும் மரத்தூளையும் அகற்றி வெறும் காகிதம் விரியுங்கள். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பற்பசையும் வேண்டாம். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போனவர்களின் பாம்புகள் முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் கடிபடுவது உண்டு. ஆகவே கொன்ற இரையையே கொடுங்கள். குடல் வெளியே தள்ளியிருந்தால் விரலால் உள்ளே அழுத்தாதீர்கள். சர்க்கரைக் கரைசலில் நனைத்த சுத்தமான துணியால் மூடி ஈரமாக வைத்திருங்கள். வீக்கம் சற்று வடியும். அது காய்ந்துபோனால் அந்தச் சதை அழுகிவிடும்.

மழைக்காலத்தையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் யாரும் மறக்க முடியாது. தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் நேரத்தில், பூட்டிய தொட்டிக்குள் இருக்கும் உயிருக்குத் தப்ப வழியில்லை. வளர்ப்பவர் முதலில் எடுக்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

எதில் எடுப்பது, எப்படிக் கொண்டுபோவது? இதற்கு நல்ல ஆசான்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணைநின்று உருவாக்கிய சங்கம் அது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. பிடித்த பாம்பை மூன்று வாரம் வைத்திருந்து, நான்கு முறை விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த மூன்று வாரமும் பாம்பு இருப்பது மண்பானையில். உள்ளே மணல், வாயில் பருத்தித் துணி, அதைச் சுற்றிக் கயிறு. அவ்வளவுதான். மண்பானை வெயிலில் சூடேறாமல் குளிர்ச்சி காக்கும், உள்ளே இருட்டு, துணி வழியே காற்று. எதுவும் அசையவில்லை, எதுவும் தெரியவில்லை என்றால் பாம்பு அடங்கிவிடும். விஷப் பாம்பே அடங்கிக் கிடக்கும். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர்களின் பானை சொல்லும் பாடம் நமக்குப் போதும்: இருட்டு, காற்று, மிதமான சூடு, அமைதி.

வீட்டில் பானைக்குப் பதில் துவைத்த தலையணை உறை போதும். வளர்ப்புப் பாம்பை உள்ளே விட்டு வாயை முடிச்சிடுங்கள். காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதை வையுங்கள். இரை வேண்டாம், தண்ணீர்க் கிண்ணமும் வேண்டாம். காரில் ஏசி நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப் போகாதீர்கள். வழியில் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நமக்குப் பக்கத்தில், சுமார் 50 கிலோமீட்டரில், திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. எந்த மருத்துவர் ஊர்வனவற்றைப் பார்ப்பார் என்பதை நல்ல நாளிலேயே விசாரித்து, எண்ணைக் குறித்து வையுங்கள். பாம்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் குடலில் உள்ள சால்மோனெல்லா கிருமி குழந்தைகளைப் பாதிக்கும்.

இப்போது கடலுக்கு வருகிறேன். கடல் தொழிலாளர்களே, உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லப் போவதில்லை. தெரிந்ததன் காரணத்தைச் சொல்கிறேன். கடல்பாம்புக்குச் செவுள் கிடையாது. 1961இல் கடைசியாக இங்கே நடந்த முத்துக்குளிப்பில் மூச்சை அடக்கிக்கொண்டு கடலடி முத்துப் பாருக்கு இறங்கினார்களே நம் முன்னோர், அவர்களைப் போல அதுவும் மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு கீழே போகிறது. அதன் நுரையீரல் ஏறக்குறைய உடம்பு முழுவதும் நீள்கிறது. சில இனங்கள் தோல் வழியாகவும் கொஞ்சம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. அதனால் நெடுநேரம் தாங்கும். ஆனால் இழுவலை மணிக்கணக்கில் அடியில் ஓடும்போது அது மேலே வர முடியாது. மடியை அவிழ்க்கும்போது துவண்டு விழும் பாம்பு பெரும்பாலும் மூச்சு முட்டிய பாம்பு.

அதைக் கையால் தொடாதீர்கள். செத்தது போல் கிடந்தாலும் தொடாதீர்கள். முகத்தில் அலகு போன்ற முனை கொண்ட கடல்பாம்பு ஒன்று நம் கடலில் இருக்கிறது. உலகில் கடல்பாம்புக் கடியால் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணம். கடித்த இடம் வலிக்காமலே போகலாம். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பு முழுதும் சதை வலிக்கும், இமை தொங்கும், சிறுநீர் கறுக்கும். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் உரியது. கடல்பாம்புக்கு அது வேலை செய்யாது. அதற்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. இங்கே உயிரைக் காப்பது செயற்கைச் சுவாசமும் ரத்தச் சுத்திகரிப்பும்தான். ஆகவே கடிபட்டால், கடிவாயைக் கீறாமல், கயிறு கட்டாமல், கை காலை அசைக்காமல் கரைக்கு வந்து, 108ஐ அழைத்து, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கடலில் கடித்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

உங்கள் பாதுகாப்பு உறுதியான பிறகுதான் பாம்பைப் பற்றிய பேச்சு. துடிப்பாக நெளிந்தால், நீண்ட கம்பாலோ கைப்பிடி வலையாலோ அள்ளி உடனே கடலில் இறக்கிவிடுங்கள். வாலைப் பிடித்துச் சுழற்றி வீசாதீர்கள். தண்ணீர் தாங்கிப் பழகிய உடம்பு அது, முதுகெலும்பு முறிந்துவிடும். துவண்டு கிடந்தால் அப்படியே கடலில் தள்ளாதீர்கள். மூச்சு திரும்பாத பாம்பு மூழ்கிச் செத்துவிடும். மூடியுள்ள ஆழமான தொட்டியில், தண்ணீர் ஊற்றாமல், நனைத்த சாக்கின் மேல் நிழலில் போட்டு வைத்து, தானாக நெளியத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடல்பாம்பு பெரும்பாலும் நோயுற்றது அல்லது காயம்பட்டது. அதைத் திரும்பத் திரும்பக் கடலுக்குள் தள்ளுவது உதவி ஆகாது. குழந்தைகளையும் நாய்களையும் விலக்கி நிறுத்தி, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, மூழ்கிப்போன விலாங்குச்சல்லி ஆகியவற்றை உள்ளடக்கிய நம் மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அந்தக் கடலில் பாம்பும் ஒரு குடி. ஆஸ்திரேலியாவின் வட கடலில் இறால் வலைகளின் மடிக்கு அருகே தப்பும் வழி வைத்தபோது பாம்புகள் சிக்குவது வெகுவாகக் குறைந்தது. 1977 முதல் இங்கே இருக்கும் மீன்வளக் கல்லூரியின் மாணவர்கள், நம் வலைக்கும் நம் தொழிலுக்கும் ஒத்துவரும்படி அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாம்பின் உடம்பு மெதுவாக இயங்குகிறது. குணமும் மெதுவாகத்தான் வரும். செஃப்டாசிடிம் என்ற நோய்க்கிருமிக் கொல்லியை நமக்கு நாளுக்கு இரண்டு மூன்று முறை போடுவார்கள்; பாம்புக்குப் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. மூன்று ஊசி போட்டும் மாற்றம் இல்லையே என்று மருந்துக்கடையில் கேட்டு வேறு மருந்து கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடும். மூச்சு நின்றதாகத் தெரிந்தாலும் இதயம் துடித்துக்கொண்டிருக்கலாம். டாப்ளர் கருவியை வைத்துப் பார்த்த பிறகே மருத்துவர் முடிவு சொல்வார். அதற்கு முன் குழி தோண்ட வேண்டாம்.

நிறைவாக மூன்று வேண்டுகோள். பாம்பு வளர்ப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் தொட்டியின் இரண்டு பக்கமும் தெர்மாமீட்டர் வையுங்கள்; ஒரு தலையணை உறையையும் மருத்துவரின் எண்ணையும் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். படகு உரிமையாளர்கள் ஒவ்வொரு படகிலும் ஒரு நீண்ட கம்பும் மூடியுள்ள தொட்டியும் இருக்கச் செய்யுங்கள். அவை முதலில் உங்கள் ஆட்களின் உயிரைக் காக்கும். கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் ஊர்வன மருத்துவத்தை ஏதோ ஒரு பாடம் என்று தள்ளிவிடாமல் கற்றுக்கொண்டு இந்த மாவட்டத்துக்கே திரும்பி வாருங்கள். நோயுற்ற பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் யாரும் நிற்கக் கூடாத ஊராகத் தூத்துக்குடியை ஆக்க நம்மால் முடியும்.